நவம்பர் இரவில் ஆப்பிள் மரம் ஏறும் இறக்கையில்லாப் பூச்சி: விண்டர் மாத் தானா?

கேள்வி: கென்ட்_தோட்டம்

வணக்கம். இடம் இங்கிலாந்து, கென்ட். வீட்டுப் பின்புறம் இரண்டு ஆப்பிள் மரங்கள், வேலிக்கு அப்பால் ஒரு பெரிய ஓக். நவம்பர் நடுவிலிருந்து, இருட்டியதும் சமையலறைச் சன்னல் கண்ணாடியில் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் சின்ன அந்துப்பூச்சிகள் வந்து ஒட்டுகின்றன. டார்ச் அடித்துப் பார்த்தால் ஆப்பிள் அடிமரத்தில் சிலந்தி மாதிரி நீளக் கால்களோடு, குண்டாக, இறக்கையே இல்லாத ஒன்று மேலே ஏறுகிறது. போன வசந்தத்தில் ஆப்பிள் இலையெல்லாம் சல்லடை. இரண்டும் ஒரே பூச்சியா? அடிமரத்தைச் சுற்றிக் கட்டும் பசைப் பட்டையை இப்போது கட்டினால் பயன் உண்டா? ஓக் மரத்துக்கும் கட்ட வேண்டுமா?

பதில் 1: இரவுவிளக்கு

ஒரே பூச்சிதான். கண்ணாடியில் வருவது ஆண், மரத்தில் ஏறுவது பெண். விண்டர் மாத், அதாவது குளிர்கால அந்துப்பூச்சி, அறிவியல் பெயர் ஓபெரோப்தெரா புருமாட்டா. ஏறுவதன் கால்களை எண்ணுங்கள்: எட்டு இருந்தால் சிலந்தி, ஆறு இருந்தால் இது.

ஆண் இறக்கையை விரித்தால் 22 முதல் 28 மி.மீ. முன்னிறக்கையில் அலையலையாகக் குறுக்குக் கோடுகள் இருக்கும், ஆனால் மிக மங்கல். பழைய பூச்சியில் கோடே தெரியாது. பின்னிறக்கை வெளிறியது. பெண்ணின் உடல் 5 முதல் 8 மி.மீ. இறக்கையே இல்லை என்று தோன்றினாலும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் தோளில் நான்கு குட்டி மொட்டைத் துண்டுகள் தெரியும், ஓரத்தில் மயிர் விளிம்போடு.

குழப்பக்கூடியவை மூன்று. நவம்பர் மாத் இதைவிடப் பெரியது, கோடுகள் தெளிவு. அதன் பெண்ணுக்கு முழு இறக்கை உண்டு. மாட்டில்ட் அம்பர் பெண்ணுக்கு இறக்கைத் துண்டுகூடக் கிடையாது. வெளிறிய உடலில் கரும்புள்ளிகள் இருப்பதால் பார்த்ததும் பிரித்துவிடலாம். சிரமம் தருவது நார்தர்ன் விண்டர் மாத். ஆண் சற்றுப் பெரிது, வெளிறிய பட்டுப் பளபளப்பு, பிர்ச் மரங்கள் பக்கம் அதிகம். பெண்ணை வைத்துப் பிரிப்பதுதான் நம்பகமானது: அதன் இறக்கைத் துண்டுகள் நீளமானவை.

பெண்ணின் வாசனையைக் காட்டி ஆணைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து இனத்தை உறுதிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். விண்டர் மாத், நார்தர்ன் விண்டர் மாத் இரண்டின் ஆணையும் அதே வாசனை இழுக்கும். வருவதெல்லாம் ஆண்கள் என்பதால் முட்டையிடுவதும் குறையாது.

பதில் 2: வேர்மண்

வாழ்க்கைச் சுழற்சி தெரிந்தால் எப்போது என்ன செய்வது என்பது தானாகப் புரியும்.

இங்கிலாந்தில் அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மண்ணிலிருந்து வெளிவரும், உச்சம் நவம்பர், டிசம்பர். வளர்ந்த பூச்சி எதையும் உண்பதில்லை. இருட்டிய பின் பெண் பக்கத்து மரத்தில் ஏறும், வாசனை விட்டு ஆணை அழைக்கும். இணைந்த பின் கிளை நுனிவரை போய், மரப்பட்டை வெடிப்பிலும் பாசிக்கு அடியிலும் மொட்டுகளின் அருகிலும் முட்டையிடும். ஒரு பெண் 100 முதல் 200 முட்டை. இடும்போது வெளிர் பச்சை, சில வாரங்களில் செம்மஞ்சள், பொரிக்கும் முன் கருநீலம். குளிர்காலம் முழுக்க முட்டைதான்.

மார்ச் கடைசி, ஏப்ரலில் மொட்டு விரியும் சமயத்தில் பொரிக்கும். இந்தப் பூச்சியின் தலையெழுத்தே அந்தச் சில நாட்களில்தான் இருக்கிறது. முந்திப் பொரித்தால் மொட்டு மூடியிருக்கும், குஞ்சுப் புழு சில நாட்களில் பட்டினியில் சாகும். பிந்தினால் இலை முற்றி டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏறிவிடும், புழு வளராது. 1950 முதல் ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைட்டம் (Wytham) காட்டின் ஓக் மரங்களில் வார்லி, கிராட்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் பூச்சியை ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிக்கை ஏறி இறங்குவதற்கு மிகப் பெரிய காரணம் முட்டைக்கும் முழுப் புழுவுக்கும் இடையே நேரும் இந்த இழப்பு என்று தெரிந்தது. பெருகிய எண்ணிக்கையை மீண்டும் கீழே இழுப்பது மண்ணுக்குள் கூட்டுப்புழுவைத் தின்னும் தரைவண்டுகளும் மூஞ்சூறுகளும்.

புழு பச்சை, முதுகில் கரும்பச்சைக் கோடு, பக்கவாட்டில் வெளிறிய கோடுகள். தலையும் பச்சை. முழு வளர்ச்சியில் 25 மி.மீ. வயிற்றின் பின்முனையில் மட்டும் இரண்டு ஜோடிப் போலிக்கால்கள் இருப்பதால், நம் ஊர் ஆமணக்கில் வரும் காவடிப் புழு மாதிரியே முதுகை வளைத்து வளைத்து நடக்கும். மே கடைசி, ஜூனில் நூலிழையில் தொங்கி இறங்கி, மண்ணில் சில செ.மீ. ஆழத்தில் கூடு கட்டும். இலையுதிர்காலம் வரை அங்கேயேதான். ஆண்டுக்கு ஒரே தலைமுறை.

பதில் 3: ஒட்டுக்கட்டு

பசைப் பட்டை விஷயம். பெண்ணால் பறக்க முடியாது, நடந்தே ஏற வேண்டும். பட்டையின் மொத்தத் தத்துவமும் அவ்வளவுதான். அக்டோபர் கடைசிக்குள் கட்டியிருக்க வேண்டும். இப்போது கட்டினால் ஏறிப்போனவை போனவைதான், ஆனால் டிசம்பர் முழுக்க வரப்போவதைப் பிடிக்கலாம். இன்றே கட்டுங்கள்.

தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. உயரம். மழுமழுப்பான இளமரத்துக்குப் பசைக் காகிதம் போதும். மேலேயும் கீழேயும் கயிறு போட்டு இறுக்குங்கள். வெடிப்பு விழுந்த பழைய மரப்பட்டைக்குக் காகிதம் உதவாது. வெடிப்புக்குள் சந்து இருக்கும், பூச்சி காகிதத்துக்கு அடியிலேயே நுழைந்து மேலே போய்விடும். அதற்கு டப்பாவில் வரும் தோட்டக் கிரீஸை விரல் விட்டு வெடிப்புக்குள்ளும் தேய்த்து, 10 செ.மீ.க்குக் குறையாத அகலத்தில் வளையமாகப் பூசுங்கள். வண்டி கிரீஸ் வேண்டாம், மரப்பட்டையைக் கெடுக்கும்.

பெரும்பாலும் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்றால், மரத்தைத் தாங்கும் முளைக்குச்சியில். அதற்கும் தனிப் பட்டை வேண்டும். இல்லையேல் குச்சி வழியே ஏறும். வேலியைத் தொடும் கிளையை வெட்டிவிடுங்கள். பசையில் ஒட்டிய சருகு பாலமாகிவிடும், வாரம் ஒரு முறை எடுத்துப் போடுங்கள். பறவைகள் ஒட்டாமல் இருக்க, பசையைத் தொடாதபடி விலக்கி ஒரு கோழிவலையைச் சுற்றலாம்.

ஜனவரியில் கழற்றிவிடாதீர்கள். மேலே போக முடியாத பெண்கள் பட்டைக்குக் கீழேயே முட்டையிடும், ஏப்ரலில் குஞ்சுகள் அங்கிருந்து ஊர்ந்து ஏறும். பிப்ரவரியிலிருந்து மார்ச் மாத் என்ற இன்னோர் இனமும் வரும், அதன் பெண்ணுக்கும் இறக்கை கிடையாது. ஏப்ரல் முடியும்வரை பசை ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்தால் மேலே இன்னொரு பூச்சு.

கென்ட்_தோட்டம்

நன்றி. இன்றே கட்டிவிடுகிறேன். பட்டை சரியாக இருந்தும் புழு வந்தால்? ஓக் பற்றியும் சொல்லுங்கள்.

பதில் 4: இரவுவிளக்கு

கொஞ்சம் வரத்தான் செய்யும். பொரித்ததும் மொட்டு கிடைக்காத குஞ்சு ஒரு நூலை விட்டுக் காற்றில் மிதந்து போகும். உங்கள் ஓக்கிலிருந்து அப்படி ஆப்பிளில் வந்து இறங்குவதைப் பட்டையால் தடுக்க முடியாது.

ஏப்ரலில், இரண்டு இலைகள் நூலால் ஒட்டியிருந்தால் பிரித்துப் பாருங்கள், உள்ளே புழு இருக்கும். சின்ன மரமானால் கையால் நசுக்குவதே போதும். பூ மலர்ந்திருக்கையில் மருந்து அடிக்கக் கூடாது, தேனீ சாகும். ஜூலையில் பெரிய ஓட்டைகளைக் கண்டு மருந்து தேடுவதும் வீண்: குருத்தாக இருந்தபோது கடித்த துளை இலையோடு சேர்ந்து பெரிதாகியிருக்கிறது, புழு எப்போதோ மண்ணுக்குப் போய்விட்டது. ஆப்பிள் காயில் வெளியிலிருந்து நடுவரை ஆழமான வெட்டுப்பள்ளம் இருந்தால் இதன் வேலை. உள்ளே சுரங்கமும் எச்சமும் இருந்தால் அது காட்லிங் மாத் என்ற வேறு அந்துப்பூச்சி.

ஓக்கைத் தொடாதீர்கள். இலை போனாலும் கோடையில் மறுபடி துளிர்க்கும். நீலச் சிட்டும் பெரிய சிட்டும் குஞ்சு பொரிப்பதே இந்தப் புழுவின் காலத்தைக் கணக்கு வைத்துத்தான். நெதர்லாந்தில் வசந்தம் சூடேறியதும் முட்டைகள் ஓக் துளிர்க்கும் முன்பே பொரிக்கத் தொடங்கின, சில பத்தாண்டுகளுக்குள் பூச்சி தன் மரபிலேயே பொரிக்கும் நாளைத் தள்ளிக்கொண்டது என்று மார்செல் விசர் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கதை வேறு. அங்கே இது வந்தேறி, இயற்கை எதிரிகள் இல்லாமல் ஓக் மரங்களைக் கொன்றது. 1950களில் ஐரோப்பாவிலிருந்து சைசெனிஸ் என்ற ஒட்டுண்ணி ஈயைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. கடிபட்ட இலையில் அந்த ஈ முட்டையிடும், புழு இலையோடு அதையும் விழுங்கும். கென்ட்டில் அந்த ஈ ஏற்கெனவே உங்கள் ஓக்கில் இருக்கும்.