அதே இடம்தானே, அப்புறம் எப்படி மூன்று விடை?

(குடும்பக் குழு, ஞாயிறு இரவு)

9:12 நான்: அத்தை, தூங்கிவிட்டீர்களா? கலப்பெண் பாடத்தில் ஒரு சந்தேகம். 8ஐ-யின் முப்படி மூலங்கள் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் வருகிறது, விடைப் பக்கத்தில் மூன்று இருக்கிறது. நாளைக்குத் தேர்வு.

9:13 அம்மா: சாயங்காலமே கேள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

9:15 மதுரை அத்தை: மாவு அரைத்துக்கொண்டிருக்கிறேன், சொல்லு. நீ போட்டதை அப்படியே எழுது.

9:18 நான்: மட்டு (மையத்திலிருந்து தூரம்) 8, வீச்சு (கோணம்) 90°. டி மாய்வர் தேற்றப்படி (மூலத்துக்கு மட்டின் மூலம் எடு, கோணத்தை வகு) எட்டின் கனமூலம் 2. அப்புறம் 90-ஐ மூன்றால் வகுத்தால் 30. ஆக 2(கொசைன் 30° + ஐ சைன் 30°), அதாவது √3 + ஐ.

9:19 பெரியப்பா: 8ஐ என்பதில் உள்ள ஐ கற்பனை எண் (√−1), 90-ஐ என்பதில் உள்ள ஐ இரண்டாம் வேற்றுமை உருபா?

9:19 நான்: ஆமாம் பெரியப்பா 😅 ஆங்கில விசைப்பலகைக்கு மாறச் சோம்பல்.

9:21 மதுரை அத்தை: போட்டது சரி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாய். வீச்சு 90° என்றாயே, அதை 450° என்று எழுதலாமா?

9:22 நான்: எழுதலாம். ஒரு முழுச் சுற்று கூட, அதே இடம்தானே.

9:22 மதுரை அத்தை: அதே இடம்தான். இப்போது மூன்றால் வகு.

9:23 நான்: 150

9:23 நான்: ஓ!

9:26 மதுரை அத்தை: இன்னொரு சுற்று போனால் 810, வகுத்தால் 270. அதற்கும் அடுத்தது 1170, வகுத்தால் 390, அது பழைய 30தான். அதனால்தான் மூன்றோடு நிற்கிறது. படி காணும்போது சுற்றைப் பெருக்குகிறோம், முழுச் சுற்று முழுச் சுற்றாகவே இருந்து மறைந்துபோகும். மூலம் காணும்போது வகுக்கிறோம், மூன்றில் ஒரு பங்கு சுற்று மிஞ்சிவிடும். என் வகுப்பில் வருஷா வருஷம் இங்கேதான் மதிப்பெண் போகும். கே (கூட்டிய சுற்றுகளின் எண்ணிக்கை) = 0, 1, 2 என்று எழுதாமல் விடாதே.

9:28 அக்கா: 270°-இல் வருவது −2ஐ. மூன்று முறை பெருக்கிப் பார்: −8 × ஐ³, ஐ³ என்பது −ஐ, ஆக 8ஐ. வந்துவிட்டதா?

9:29 நான்: வந்தது! (1 + ஐ)²⁰ கூட ஒரு கணக்கு இருக்கிறது. ஈருறுப்புத் தேற்றம் போட்டு ஒரு பக்கம் வீணாகிவிட்டது.

9:31 அக்கா: ஐயோ. மட்டு √2, அதன் இருபதாம் படி 1024. 45 × 20 = 900, இரண்டு சுற்றைக் கழித்தால் 180. விடை −1024. இரண்டே வரி.

9:34 சித்தப்பா: 120° இடைவெளியில் மூன்று என்றால் நாங்கள் கம்பத்திலும் டிரான்ஸ்பார்மரிலும் பார்த்த ஆர், ஒய், பி (சிவப்பு, மஞ்சள், நீலம்) என்ற மூன்று மின் ஃபேஸ்தானே. மூன்றையும் கூட்டினால் பூஜ்யம், லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் ஓடாது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட், இரண்டு ஃபேஸுக்கு நடுவே அதன் √3 மடங்கு, 398 சொச்சம். உன் விடையிலேயே பார்: √3 + ஐ, −√3 + ஐ. இடைவெளி 2√3, ஆரம் 2. அதே √3தான்.

9:35 நான்: சித்தப்பா 🔥🔥

9:36 பெரியப்பா: யார் அந்த டி மாய்வர்?

9:38 மதுரை அத்தை: பிரான்சில் 1667-இல் பிறந்தவர். புராட்டஸ்டண்ட் என்பதால் அங்கே இருக்க முடியாமல் லண்டன் போனார். நியூட்டனுக்கு நண்பர், ஆனாலும் டியூஷன் எடுத்துத்தான் பிழைப்பு. 1754-இல் இறந்தார். இன்று நாம் எழுதும் வடிவத்தை 1748-இல் தந்தது ஆய்லர்.

9:39 அம்மா: டியூஷன் வாத்தியார் நிலைமை அன்றும் இதேதானா.

9:40 மதுரை அத்தை: 😂 தம்பி, வீச்சு எடுக்கும்முன் படம் போட்டு எந்தக் கால்பகுதி என்று பார். −1 + ஐ-க்குக் கால்குலேட்டர் −45° காட்டும், உண்மையில் 135°. சரி, −16-க்கு நான்காம் படி மூலங்கள் போட்டு அனுப்பு.

9:49 நான்: 📷 மட்டு 2. கோணங்கள் 45, 135, 225, 315. புள்ளிகளைச் சேர்த்தால் சதுரம்!

9:52 மதுரை அத்தை: விடை சரி. கே மதிப்பு எங்கே? அரை மதிப்பெண் போச்சு.