மேப்பிள் மரத்துக்கு எந்த ட்ரில் பிட்: பட்டுத் தெரிந்துகொண்டவை

வீட்டில் கிடக்கிற பிட்டாலேயே, அதாவது ட்ரில்லில் மாட்டித் துளை போடுகிற கம்பியாலேயே, இனிப்புச் சாறு எடுக்க மேப்பிள் மரத்தில் துளை போட்டுவிடலாமே, எதற்குத் தனியாக ஒன்று வாங்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டொரொன்டோவுக்கு வடக்கே எங்கள் பின்வளவில் சுகர் மேப்பிள் இரண்டு நிற்கின்றன. மார்ச் தொடக்கம், இரவில் மைனஸ் ஐந்து, பகலில் பிளஸ் ஐந்து, சாறு ஓடுவதற்கு இதைவிட நல்ல காலநிலை இல்லை. நான் வாங்கிய ஸ்பைல், அதாவது மரத்தில் செருகுகிற சின்னக் குழாய், 5/16 அங்குலம். வீட்டுக் கருவிப் பெட்டியில் இருந்ததோ 3/8 பிட். ஒன்றரை மில்லிமீட்டர்தானே கூட, ஸ்பைலின் நுனி சிறுத்துப் பின்பக்கம் பருத்துத்தானே இருக்கிறது, கொஞ்சம் அடித்து இறக்கினால் இறுகிவிடும் என்று துளையைப் போட்டுவிட்டேன். இறுகவில்லை. இன்னும் இரண்டு அடி ஓங்கி அடித்ததில் துளைக்கு மேலும் கீழும் மரம் மயிரிழையாக வெடித்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் வாளியில் ஒரு கப் சாறுகூட இல்லை, ஸ்பைலுக்குக் கீழே பட்டை அடிவரைக்கும் கறுத்து நனைந்து கிடந்தது. மரம் சாற்றைத் தந்திருக்கிறது, நான்தான் அதை மண்ணுக்கு ஓடவிட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த கவலை சாற்றுக்காக இல்லை, அந்த வெடிப்புக்காக.

அளவு மட்டுமல்ல, அந்த பிட் மழுங்கியும் இருந்தது. இரும்புத் தகட்டிலும் டெக் பலகையிலும் ஓட்டிய பிட். மரத்தைச் சீவவில்லை, அரைத்தது. வெளியே வந்தது மாவு போன்ற தூள், பிட்டைத் தொட்டால் சுட்டது. அப்படி அரைத்துப் போடுகிற துளை வட்டமாக வராது, கொஞ்சம் நீள்வட்டமாக, உள்சுவர் பிசிறு பிசிறாக இருக்கும். அதில் எந்த ஸ்பைலும் ஒட்டி உட்காராது, ஓரத்தால் கசியும்.

அடுத்த வருடம் மேப்பிளுக்கென்றே விற்கிற 5/16 பிட் ஒன்று வாங்கினேன். அதன் சுருள் பள்ளம் ஆழமானது, ஈரமான பச்சை மரத்தின் சீவலை அடைக்கவிடாமல் வெளியே இழுத்துத் தள்ளும். நுனி கூராக இருப்பதால் பட்டையில் வழுக்காமல் வைத்த இடத்திலேயே இறங்கும். வித்தியாசம் முதல் துளையிலேயே தெரிந்தது. உள்ளங்கையில் விழுந்தது தூள் இல்லை, சுருண்ட சீவல், பால்வெள்ளை நிறம், கையில் ஈரம் ஒட்டியது. துளை போட்ட கையோடு முதல் சொட்டு வந்துவிட்டது. ஸ்பைலை மெதுவாகத் தட்டினால் 'டிக் டிக்' என்பது ஒரு கட்டத்தில் 'டொக்' என்று மாறும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஊரில் எங்கள் வளவுக்குப் பனையேற வந்த ஐயா பாளைக் கத்தியை வேறு எதற்கும் தொடவிட மாட்டார், ஒரு கிழங்கு வெட்டக்கூடத் தரமாட்டார். சின்ன வயதில் அது எனக்குப் புரியவில்லை. இப்போது என் மேப்பிள் பிட்டும் தனி டப்பாவில்தான் இருக்கிறது, சுடுநீரில் கழுவித் துடைத்து வைக்கிறேன், எண்ணெய் பட்ட எதோடும் சேர்ப்பதில்லை.

மற்றபடி ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குல ஆழம் போதும், பிட்டில் அந்த அளவுக்கு ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். சாறு வெளியே வடிய துளை உள்நோக்கிக் கொஞ்சம் ஏறுமுகமாகப் போக வேண்டும். ட்ரில்லை ஓடவிட்டபடியே நேராக உள்ளே, நேராக வெளியே, இடையில் ஆட்டக் கூடாது. தூள் மிஞ்சினால் வாயால் ஊதாதீர்கள், வாயில் இருக்கிற கிருமி துளைக்குள் போகும். பத்து அங்குல விட்டம்கூட இல்லாத மரத்தை விட்டுவிடுங்கள், பாவம், அது வளரட்டும்.

*

மேலே உள்ளதை வாசித்துவிட்டு எழுதுகிறேன், நான் ஒன்டாரியோவில் லானார்க் பக்கம் இருக்கிறேன். வீடு வாங்கும்போது முன்னிருந்தவர்கள் விட்டுப்போன பழைய தகர வாளிகளும் 7/16 ஸ்பைல்களும் கொட்டிலில் கிடந்தன, அதனால் அதே அளவு பிட்டைத்தான் வாங்கினேன். இரண்டாவது மரத்தில் அரை அங்குலம் இறங்கியதுமே சீவல் தேநீர்ச் சாயம் போல மண்ணிறமாக வந்தது. பழைய துளை ஒன்றின் மேலேயே போட்டிருக்கிறேன், பட்டை மூடிவிட்டதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. மரம் துளையை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் கட்டி அந்த இடத்தை ஒதுக்கிவிடும். அந்தச் செத்த பகுதி அகலத்தில் கொஞ்சம்தான், ஆனால் மேலும் கீழும் நீளமாகப் போகும், அங்கே இனிச் சாறு ஓடாது. அதனால் பழைய தழும்புக்கு நேர் மேலேயோ கீழேயோ போடாமல் ஒரு சாண் பக்கவாட்டில் தள்ளிப் போடுகிறேன்.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7/16 துளையின் வாய், 5/16 துளையைவிடப் பரப்பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் வாளியில் விழுகிற சாற்றில் அப்படி ஒரு வித்தியாசத்தை நான் காணவில்லை. சின்னத் துளை சீக்கிரம் மூடியும்விடுகிறது. பழைய ஸ்பைல்களை இப்போது சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

*

முதலில் எழுதிய அண்ணா சொன்ன வெடிப்பு எனக்கும் வந்தது, பிட் சரியான அளவுதான், ஆனால் மரம் உறைந்திருந்த காலையில் அடித்தேன். இப்போது வெயில் ஏறிப் பூச்சியத்துக்கு மேலே போன பிறகுதான் தொடுகிறேன். பேட்டரி ட்ரில் வைத்திருப்பவர்கள் பேட்டரியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போங்கள், குளிரில் அது சோர்ந்துபோய் மெதுவாகச் சுற்றினால் எவ்வளவு கூரான பிட்டும் மரத்தைப் பிய்க்கத்தான் செய்யும். காலம் முடிந்து மொட்டு வெடிக்கத் தொடங்கியதும் ஸ்பைலைக் கழற்றிவிடுங்கள், துளைக்குள் குச்சி, மெழுகு எதுவும் அடைக்க வேண்டாம். போன வருடம் போட்ட என் 5/16 துளைகள் மூன்றில் இரண்டு இந்த மாசி மாதம் பார்க்கும்போது முழுக்க மூடியிருந்தன, மூன்றாவதில் சுண்டுவிரல் நுனி போகிற அளவுக்குக்கூட இடம் இல்லை.