நியூட், நேக்கட்: இரண்டுக்கும் ஒரே ‘நிர்வாணம்’ போதுமா?

> ‘நிர்வாண ஓவியம்’ என்று வழக்கில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா. பொதுப்பேச்சுக்கு அது போதும். பெண்ணிய ஓவியத் திறனாய்வைத் தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் இடிக்கிறது. கலை வரலாற்றாளர் கென்னத் கிளார்க் 1956-இல் ஆங்கிலத்தின் நேக்கட் (naked), நியூட் (nude) என்ற இரண்டு சொற்களையும் பிரித்தார்: துணியில்லாமல் கூசி நிற்கும் உடல் நேக்கட், கலை செம்மையாக்கிய உடல் நியூட். 1972-இல் கலைத் திறனாய்வாளர் ஜான் பெர்ஜர் அதைத் தலைகீழாகப் புரட்டினார். நேக்கட் என்றால் அவள் அவளாக இருக்கிறாள். நியூட் என்றால் பார்க்கிறவனுக்காகக் கிடத்தப்பட்டிருக்கிறாள். இரண்டுக்கும் ‘நிர்வாணம்’ என்று போட்டுப் பாருங்கள்: ‘நிர்வாணம் வேறு, நிர்வாணம் வேறு’ என்று வந்து நிற்கும்.

என் முன்மொழிவு: நேக்கட் – வெற்றுடல், நியூட் – காண்மேனி.

காண்மேனி வினைத்தொகை. கண்ட, காணும், இனிக் காணப்போகிற மேனி என முக்காலமும் அதற்குள் அடங்கும். காண்பவர் யார் என்று சொல்லுக்குள் இல்லை. அவன் படத்துக்கு வெளியே நிற்பதற்கு இது சரியாகப் பொருந்துகிறது. திருமேனி, பொன்மேனி என்று புகழ்ந்தே பழகிய சொல் என்பதால் மெருகேற்றிய உடலுக்கும் ‘மேனி’ ஒட்டும்.

படங்களில் வைத்துச் சோதிக்கலாம். டிஷியனின் ‘உர்பினோவின் வீனஸ்’ (1538): உடல் நம் பக்கம் முழுதாகத் திரும்பியிருக்கிறது, தோலில் தூரிகைத் தடம் தெரியாது, நிழல் மெதுவாகக் கரைகிறது, இடக்கை விரல்கள் தளர்வாக மடங்கியிருக்கின்றன. ஐயமில்லாமல் காண்மேனி. மானே 1863-இல் வரைந்த ‘ஒலிம்பியா’ படுத்திருக்கும் அதே நிலையை எடுத்துக்கொள்கிறது. ஆனால் வெளிச்சம் நேர் முன்னாலிருந்து விழுகிறது. இடைநிழல்களைக் குறைத்துவிட்டதால் உடல் தட்டையாக, விளிம்பு கறாராகத் தெரிகிறது. அந்த இடக்கையைப் பாருங்கள்: விரல்கள் விரிந்து தொடைமேல் அழுந்தியிருக்கின்றன. காண்மேனி மரபுக்குள்ளேயே ஒரு வெற்றுடல் மறித்துக்கொண்டு கிடக்கிறது என்று இப்போது ஒரே வரியில் எழுத முடிகிறது.

சொல்லில் ‘பெண்’ வராததும் நல்லதே. ஓவியர் ஆங்கர் பெண்களை வைத்து வரைந்த ‘துருக்கியக் குளியலை’ 1973-இல் சில்வியா ஸ்லே என்ற பெண் ஓவியர் ஆண்களை வைத்து வரைந்தார். ஒவ்வொருவரின் உடல்முடியும் வெவ்வேறாக, ஆளை அடையாளம் காட்டும்படி இருக்கிறது. அங்கும் காண்மேனி என்ற சொல் செல்லும்.

---

> நேக்கட் – வெற்றுடல்

வணக்கம் அம்மா. காண்மேனியை அப்படியே ஏற்கலாம். வெற்றுடல் வேண்டாம். ‘வெற்றுடம்போடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்’ என்றால் தமிழில் சட்டை போடாத ஆண் என்றுதான் பொருள், வேட்டி இருக்கும். போதாததற்கு ‘வெற்று’ வெற்றுப்பேச்சு, வெற்றிடம் போல ஒன்றுமில்லாமையையும் சுமக்கிறது. ஓவியர் ஜென்னி சேவில் ஒரு பெண்ணுடலை வரைந்த ‘ப்ராப்டு’ (1992) ஏறக்குறைய ஏழடி உயரம். தொடைச் சதை ஓவியத் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை வெற்று என்று எப்படிச் சொல்வது?

அம்மணமும் உதவாது, ‘அம்மணக்கட்டை’ என்ற ஏச்சு உடனே காதில் விழும்.

‘பிறந்தமேனி’ என்று வைத்துக்கொள்ளலாம். பிறந்தமேனியாக நின்றான் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள், விளக்கம் தேவையில்லை. பிறந்தமேனி, காண்மேனி என்று இணையாக நிற்கும். தனக்குரிய உடலும் பிறர் பார்வைக்கு ஆக்கிய உடலும் காதிலேயே பிரிந்துவிடும். ஓவியர் ஆலிஸ் நீல் எண்பது வயதில், 1980-இல் முடித்த தன்னுருவ ஓவியம் இதற்குத் தக்க சான்று: நீலக்கோடு போட்ட நாற்காலி, தொங்கிய வயிறு, கண்ணாடி, ஒரு கையில் தூரிகை, மறு கையில் துடைக்கும் துணி. பார்ப்பதும் அவரே, பார்க்கப்படுவதும் அவரே.

ஒன்றைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். கல்லூரிகளில் ‘நியூட் ஸ்டடி’ என்பது உடற்கட்டும் எடையும் பழகும் பயிற்சி. அதைக் காண்மேனிப் பயிற்சி என்று எழுதினால் மாடலாக நிற்பவருக்குச் செய்யும் அநியாயம். ‘உடல்வரைவு’ போதும். கலைச்சொல் தொகுப்பில் மூன்றையும் தனித்தனிப் பதிவாக இடுங்கள். நியூட் என்ற ஒரே தலைப்பின்கீழ் வேண்டாம்.