சுதந்திர தினம் வந்தாலே எரிச்சல்தான் வருகிறது, உங்களுக்கும் அப்படியா?

காட்பாடி_அப்பா:
பொண்ணு ஆறாவது படிக்கிறாள். ஆகஸ்ட் 15-க்குப் பள்ளியில் பேச்சுப்போட்டி, "நாட்டுக்கு நான் என்ன செய்வேன்" என்று தலைப்பு. எழுதிக் கொடுப்பா என்று நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு ஒரு வரி ஓடவில்லை. யூடியூபில் கிடைப்பதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாம்தான், மனசு வரவில்லை.

நம்ம வேலூர் தொகுதிக் கதை தெரியும் இல்லையா. 2019-ல் தமிழ்நாடே ஏப்ரல் 18-ல் ஓட்டுப் போட்டது, பணம் பிடிபட்டதால் வேலூருக்கு மட்டும் தேர்தலை ரத்து செய்தார்கள், ஆகஸ்ட் 5-ல் தனியாக நடத்தினார்கள். பத்தாவது நாள் சுதந்திர தினம், கொடியேற்றி மிட்டாய் கொடுத்தாச்சு. அதற்கப்புறம் நாமாவது திருந்தினோமா? கவர் வந்தால் வாங்கிக்கொள்கிறோம், வராவிட்டால் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் எப்படி வந்தது என்று சண்டைக்குப் போகிறோம். டிவியைப் போட்டால் ஒருத்தனுக்கு மற்றவன் தேசத்துரோகி, இவனுக்கு அவன் திருடன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் டிபியில் கொடி வைக்கவில்லை என்று பெரியப்பா மகன் என்னைப் பேசிய பேச்சில் குரூப்பை மியூட்டில் போட்டிருக்கிறேன்.

நாட்டு மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நீங்கள் எல்லாம் அந்த நாளை எப்படிக் கடக்கிறீர்கள்? தத்துவம் வேண்டாம், செய்கிற காரியம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

குடியாத்தம்_தறி:
லீவு நாளில் தூங்குங்க சார். மத்தியானம் பிரியாணி. பாசம் தேதி பார்த்து வரணும்னு யார் சொன்னது?

சும்மா சொல்லவில்லை, எங்க ஊர் கைத்தறி ஊர், கொடி தயாரிக்கிற ஊர்னு பெருமையாகச் சொல்வோம். 2021 டிசம்பரில் கொடி விதியைத் திருத்தி பாலியஸ்டர் கொடி, மிஷினில் செய்த கொடி எல்லாம் செல்லும் என்று ஆக்கினார்கள். அதற்கு முன் கைநூற்பு, கைநெசவு மட்டும்தான். இப்போது உங்க அண்ணன் டிபி மாற்றச் சொல்கிற அதே வாரத்தில் ரோட்டோரத்தில் பாலியஸ்டர் கொடி வாங்கி வண்டியில் செருகி, 16-ம் தேதி சாக்கடையில் விடுகிறார்கள். இதைப் பற்றி மட்டும் குரூப்பில் ஒருத்தரும் பேச மாட்டார்கள்.

அணைக்கட்டுப்_பக்கம்:
அண்ணா, எனக்கு ஆகஸ்ட் 15 என்றால் கொடி காலை எட்டு மணிக்கே முடிந்துவிடும், அதற்கப்புறம் பதினோரு மணிக்குத்தான் அன்றைய வேலையே. கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள். ஓட்டர் லிஸ்டில் பேர் இருக்கிற எல்லோரும் அதில் உறுப்பினர், யாரும் அழைப்பிதழ் கொடுக்க வேண்டியதில்லை.

பெரிசா எதிர்பார்த்துப் போகாதீர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட மரத்தடியில் ஷாமியானா, ஒரு மைக், நூறு நாள் வேலைக்காரப் பெண்களைக் கூட்டிவந்து உட்கார வைத்து கையெழுத்து வாங்குவார்கள், ஏனென்றால் கோரம் வேண்டும், அதாவது குறைந்தது இத்தனை பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கையெழுத்து சேர்ந்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். பற்றாளர் என்று ஓர் அதிகாரி வருவார், அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வரவு செலவை செயலர் ஒரே மூச்சில் வாசிப்பார், ரயில் அறிவிப்பு மாதிரி ஒன்றும் புரியாது.

அங்கேதான் நம்ம வேலை. "மெதுவாப் படிங்க, தெருவிளக்குக்கு எவ்வளவுன்னு இன்னொரு தரம் சொல்லுங்க" என்று ஒரே ஒருத்தர் எழுந்து கேட்டால் போதும், போனவர்கள் திரும்பி வந்து நிற்பார்கள். எங்க ஊர் மேல்நிலைத் தொட்டியில் "சுத்தம் செய்த நாள்" என்று நீல பெயிண்டில் எழுதி வைப்பார்கள் இல்லையா, அதில் முந்தைய தேதியின் மேலேயே மாசத்தை மட்டும் திருத்தி எழுதியிருந்தது. பழைய எழுத்து அடியில் பல்லிளித்துக்கொண்டு தெரியும். அதை போனில் படம் எடுத்துக்கொண்டு போய் சபையில் ஓர் அம்மா காட்டினார்கள். தலைவர் சிரித்து மழுப்பப் பார்த்தார், விடவில்லை. தொட்டியை இன்ன தேதிக்குள் கழுவ வேண்டும், கழுவும்போது வார்டுக்காரர் ஒருவர் உடன் நிற்க வேண்டும் என்று தீர்மானம் எழுதவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். கழுவினார்கள். சுடுகாட்டுப் பாதை தீர்மானம் அதே நோட்டில் இன்னும் தூங்குகிறது, அது வேறு விஷயம்.

ஒன்றே ஒன்று மறக்காதீர்கள், தீர்மானத்தை எழுதி முடித்து வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தால் உங்க பேரைச் சொல்லியே வேறு எதையாவது எழுதிக்கொள்வார்கள். நகல் தர இழுத்தடித்தால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி தகவல் உரிமை மனு.

வாணியம்பாடிக்காரன்:
அணைக்கட்டுத் தம்பி சொல்வது சரி, ஆனால் எல்லாம் தொட்டி கழுவுவதோடு நின்றுவிடாது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்கு எதிராக 1991-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது எந்தக் கட்சியும் இல்லை, வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. தோல் பதனிடும் பகுதியில் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது என்ற கணக்கெல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் அபராதம். கெடுத்தவனே சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று கோர்ட் சொன்னது இந்த வழக்கில்தான், இன்றைக்கும் நாடு முழுக்க வக்கீல்கள் "வேலூர் வழக்கு" என்று காட்டுகிறார்கள்.

ஆறு நல்லாயிடுச்சா என்று கேட்டால், இல்லை. 2025 ஜனவரியில் மறுபடி சுப்ரீம் கோர்ட் இதே பாலாற்றுக்காக இழப்பீட்டைக் கொடு, கெடுத்தவர்களிடம் வசூல் பண்ணு என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல். ஒரு தலைமுறையே போய்விட்டது. எங்க பக்கம் தோல் வேலையில் வயிறு வளர்க்கிறவர்களும் நம்ம ஆட்கள்தான், அதனால் இது நல்லவன் கெட்டவன் கதையும் இல்லை. ஆனாலும் உங்க பொண்ணு பேச்சில் இதைச் சொல்லட்டும், நம்ம ஊர் பேர் பணப் பட்டுவாடாவுக்கு மட்டும் தெரிந்த பேர் இல்லை.

கோட்டை_வாக்கிங்:
பொண்ணை வேலூர் மக்கானில் இருக்கும் சிப்பாய் தூணுக்குக் கூட்டிப் போங்க. 1806 ஜூலை 10, வேலூர் கோட்டையில் சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளம்பிய நாள். பெரிய மேடைப் பேச்சு எல்லாம் அதை "முதல் சுதந்திரப் போர்" என்று ஒரே வரியில் முடித்துவிடும், எனக்கு அது பிடிக்காது. அவர்களுக்கு முதலில் வலித்தது என்ன என்று பாருங்கள்: தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, தாடியை வெட்டு. அந்தச் சின்ன அவமானங்களில் இருந்துதான் கிளம்பியது, விடிவதற்குள் கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டில் இருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார், நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். ஆனால் அந்தத் தலைப்பாகை உத்தரவை வெள்ளைக்காரன் வாபஸ் வாங்கினான், கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் திரும்ப அழைத்துக்கொண்டான். தோற்றார்கள், கேட்டது நடந்தது. ஆறாவது படிக்கும் பிள்ளைக்கு இது புரியும்.

காட்பாடி_அப்பா:
எல்லோருக்கும் நன்றி. குடியாத்தத்துக்காரர் சொன்ன பிரியாணி உறுதி. பொண்ணிடம் தொட்டிக் கதையைப் படித்துக் காட்டினேன், "அந்த ஆன்ட்டி சூப்பர்ப்பா, ஆனா நம்ம வீட்டுக்கு வர்ற தண்ணி எந்தத் தொட்டி?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. காட்பாடி இப்போது வேலூர் மாநகராட்சிக்குள், எனக்குக் கிராம சபையும் கிடையாதே, என்ன செய்ய?

அணைக்கட்டுப்_பக்கம்:
மாநகராட்சியிலும் பகுதி சபை இருக்கிறது அண்ணா, 2022-ல் இருந்து. எப்போது கூட்டுகிறார்கள் என்று உங்க வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள், கூட்டவில்லை என்றால் ஏன் என்று எழுதிக் கேளுங்கள். மனு இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்க, ஒன்றில் தேதியோடு சீல் வாங்காமல் வராதீர்கள். பொண்ணையும் கூட்டிக்கொண்டு போங்க, சின்னப் பிள்ளை நின்றால் சீல் சீக்கிரம் விழும்.