டிஸ்க் ஆபரேஷன்: எத்தனை வாரம் காத்திருந்தீர்கள், எப்படித் தேறினீர்கள்?

எனக்கு அடிமுதுகில் எல்-5, எஸ்-1 எலும்புகளுக்கு நடுவில் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி, இடது காலுக்குப் போகும் நரம்பை அழுத்தியது. இடுப்பைவிடக் காலில்தான் வலி. பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை சுருக்கென்று இழுக்கும். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வேன். "முதுகில் கத்தி வைத்தால் அவ்வளவுதான்" என்று சொல்லாத ஆளே இல்லை. ஏழு மாதம் ஓட்டினேன். கடைசியில் மைக்ரோடிஸ்கெக்டமி, அதாவது சின்னக் கீறல் வழியாகப் பிதுங்கிய ஜவ்வை எடுக்கும் ஆபரேஷன். மயக்கம் தெளிந்ததும் கால்வலியைத் தேடினேன், காணோம்! மறுநாளே நடக்க வைத்தார்கள். ஆனால் சுண்டுவிரல் மரத்தது மரத்ததுதான், ஒன்றரை வருடமாக அப்படியே இருக்கிறது. சீக்கிரம் செய்திருந்தால் அதுவும் சரியாகியிருக்குமோ? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

பதில் 1

நான் உங்களுக்கு நேர்மாறு. ஐந்தாவது வாரமே "இன்றைக்கே செய்துவிடுங்கள் டாக்டர்" என்று கெஞ்சினேன். அவர் பெருவிரலை மேலே தூக்கச் சொன்னார், குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் எம்பச் சொன்னார். எல்லாமே என்னால் செய்ய முடிந்தது. "பலம் குறையவில்லை, இன்னும் ஆறு வாரம் பார்ப்போம்" என்றார். மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் வீடு வந்தேன். ஒன்பதாவது வாரம் ஒருநாள், காலை நீட்டிப் படுத்துத் தூங்கியிருக்கிறேன் என்பதே விடிந்த பிறகுதான் தெரிந்தது. பிறகு எடுத்த எம்ஆர்ஐயில் பிதுக்கம் பாதிக்கும் கீழே. பெரிதாக வெளியே வந்து விழுந்த துண்டைத்தான் உடம்பு அதிகம் கரைக்குமாம். முதல் ஸ்கேனைப் பார்த்து நான் அழுதது வீண்.

பதில் 2

நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எனக்கு எல்-4, எல்-5. ஒரு மாதம் உயிர்போகிற வலி, அப்புறம் இரண்டே நாளில் பாதியாகக் குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதே வாரம் நடக்கும்போது வலது செருப்பு தானாகக் கழன்று பின்னால் கிடந்தது. செருப்பு பழசு என்று புதிது வாங்கினேன்! அதுவும் கழன்றது. பிறகு படியில் முன்பாதம் இடித்து விழுந்தேன். அப்போதுகூட "பலவீனம், சத்து இல்லை" என்று மூன்று வாரம் தள்ளினேன். டாக்டரிடம் போனபோது பாதத்தை மேலே தூக்கவே முடியவில்லை. ஃபுட் ட்ராப். "வலி குறைந்தது குணமாகி அல்ல, நரம்பு சோர்ந்துபோய்" என்றார். இரண்டு நாளில் ஆபரேஷன்.

வலி ஒரே நாளில் போய்விட்டது. பலம்தான் வரவில்லை. அடிபட்ட நரம்பு மறுபடி வளர்வது நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராம். இடுப்பிலிருந்து முன்கால் தசை வரை எவ்வளவு தூரம், நீங்களே கணக்குப் போடுங்கள். நாலு மாதம் கழித்துப் பெருவிரல் லேசாக அசைந்தபோது வீட்டையே கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது ஒரு வருடம், முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. அந்த மூன்று வாரத்தால் எவ்வளவு இழந்தேன் என்று யாராலும் அளந்து சொல்ல முடியவில்லை.

பதில் 3

என் கணவருக்கு இரண்டு காலும் இழுத்தது. ஒரு மாலை, உட்காரும் இடம் மரத்துப்போனதாகச் சொன்னார். சைக்கிள் சீட்டில் படுகிற பகுதி முழுக்க. இரவு சிறுநீர் முட்டியும் வரவில்லை. காலையில் பார்க்கலாம் என்றார், நான் கேட்கவில்லை. அவசரப் பிரிவில் ஸ்கேன், விடிவதற்குள் ஆபரேஷன். காடா எக்வைனா என்றார்கள். அடிமுதுகின் நரம்புக் கொத்தே நசுங்கிவிடுமாம். 48 மணி நேரத்தைத் தாண்டினால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்புவது கடினமாம், அதற்குள்ளும் முந்துவது நல்லதாம். இரண்டு மாதம் குழாய் வைத்திருந்தார். இப்போது தானாகவே போகிறார். இதில் வாரக்கணக்கு கிடையாது, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 4

முதலில் எழுதியவருக்கு: கால் பலம் பெரிதாகக் குறையாதவர்களை வைத்து நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2007-இல் வெளியானது. 6 முதல் 12 வாரம் கால்வலியில் தவித்த 283 பேரில் பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப் பேர் காத்திருந்தார்கள். உடனே செய்துகொண்டவர்கள் வேகமாகத் தேறினார்கள். ஆனால் வருட முடிவில் இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்கு வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2020-இல் வந்த கனடா ஆய்வு வேறு மாதிரி: 4 முதல் 12 மாதம் வலியோடு இருந்த 128 பேர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஆபரேஷன் தரப்பில் வலி தெளிவாகக் குறைவு. ஆக, மூன்று மாதத்துக்குள் ஓடவும் வேண்டாம், ஆறு மாதத்துக்கு மேல் சகித்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. கால் பலம் குறைந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. உங்கள் சுண்டுவிரலுக்கு உறுதியாக யாராலும் பதில் சொல்ல முடியாது. சீக்கிரம் செய்தவர்களுக்கும் மரமரப்பு தங்குவது உண்டு.

முதலில் எழுதியவர்

நன்றி. படித்து முடித்ததும் எழுந்து குதிகாலில் நடந்து பார்த்தேன், நடக்க முடிகிறது. செருப்பு கழன்ற நண்பரே, பாதத்துக்கு மாட்டும் பட்டை இன்னும் போடுகிறீர்களா?

பதில் 2

வீட்டுக்குள் விட்டுவிட்டேன். படி ஏறும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறேன்.