வெனிஸில் ராத்தங்கல்: தீவுக்குள்ளா, மெஸ்த்ரேயிலா?

ஊர்சுற்றி

வெனிஸ் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். எங்கே படுத்தீர்கள் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை வருகிறது. அங்கே ராத்தங்கியவர்கள் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

நானும் மனைவியும் தங்கியது கன்னரேஜோவில். வெனிஸ் தீவு ஆறு பகுதிகளாகப் பிரிந்தது, அதில் வடக்கே இருப்பது இது. 1516-இல் யூதர்களைத் தனியாக ஒதுக்கிவைத்த கெட்டோ இதற்குள்தான் வருகிறது. அதை ஒட்டி நீளமான கால்வாய்க்கரை. சாயங்காலமானால் உள்ளூர் ஆட்கள் கையில் கோப்பையோடு கரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். சான் மார்கோ சதுக்கத்துக்கு நடை அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்காக வாடகை நன்றாகவே குறைகிறது.

பட்ஜெட் கொஞ்சம் இடித்தாலும் ஓர் இரவாவது தீவுக்குள் தங்க வேண்டும் என்பது என் கட்சி. பகல் கூட்டத்தில் பெரும்பகுதி சாயங்காலத்துக்குள் ரயிலேறிவிடுகிறது. காலை பதினொரு மணிக்கு ரியால்ட்டோ பாலத்தில் முட்டி மோதித்தான் நகர முடியும். அதே பாலத்தில் இரவு சாப்பாடு முடிந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சும்மா நிற்கலாம். விடிகாலையில் நடந்தால் இன்னும் விசேஷம். குப்பை அள்ளுவது படகு, காய்கறி வருவது படகு, ஓட்டல்களின் அழுக்குத் துணி மூட்டை போவதும் படகு. ரியால்ட்டோ மீன் சந்தையில் அப்போதுதான் ஐஸ் கொட்டிக்கொண்டிருப்பார்கள். பத்து மணிக்கு ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு இது எதுவும் கிடைக்காது.

ஆனால் ஒன்று. அறை தேடும்போது சதுக்கம் எத்தனை மீட்டர் என்று பார்க்காதீர்கள். படகுத்துறையிலிருந்து வாசல் வரை எத்தனை பாலம் என்று எண்ணுங்கள். பஸ், கார் எல்லாம் தீவின் வாசலில் இருக்கும் பியாட்சாலே ரோமா சதுக்கத்தோடு சரி. அதற்கு மேல் நடை அல்லது படகு. நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள், அநேகமாக எல்லாவற்றுக்கும் படிக்கட்டு. இருபது கிலோ பெட்டியோடு மூன்று பாலம் ஏறி இறங்கினால், கணவன் மனைவிக்குள் நடக்கும் பேச்சை இங்கே எழுத முடியாது.

மெஸ்த்ரேக்காரன்

ஊர்சுற்றி அண்ணா, பாதிதான் ஒத்துக்கொள்வேன். இரண்டு பேர் என்றால் சரி. இரண்டு பிள்ளைகள், மாமியார், ஒரு தள்ளுவண்டி என்று கிளம்புகிறவன் என்ன செய்வான்?

நாங்கள் தங்கியது மெஸ்த்ரே ரயில் நிலையத்துக்கு எதிரே. கடலைத் தாண்டி, இந்தப் பக்கம் தரையில் இருக்கும் ஊர். அழகு ஒன்றும் கிடையாது, சாதாரண அடுக்குமாடித் தெருக்கள்தான். ஆனால் லிஃப்ட் உண்டு, ஐந்து பேரும் படுக்கிற மாதிரி அறை உண்டு, தீவில் கேட்டதில் பாதி வாடகை. தீவிலிருக்கும் சாந்தா லூசியா நிலையத்துக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். டிக்கெட்டும் இரண்டு யூரோவுக்குள்தான். தீவுக்குள் வாப்பரெட்டோ என்கிற படகு பஸ்ஸில் ஒரு தடவை ஏற ஒன்பதரை யூரோ கொடுத்தோம், அதோடு ஒப்பிட்டால் இது இனாம்.

எதிர்பாராத சந்தோஷம் சாப்பாடு. அந்தப் பக்கம் மர்கேராவில் கப்பல் கட்டும் தளம் இருப்பதால் வங்கதேசத்துக்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். நிலையத்தை ஒட்டிய தெருக்களில் அவர்கள் கடைகள்தான். பச்சை மிளகாய், கொத்தமல்லி, வெண்டைக்காய், பருப்பு, எல்லாம் கிடைத்தது. பாஸ்தாவைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்த மாமியாருக்கு ஒரு கடைக்கார அண்ணன் தன் வீட்டுப் பருப்பைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பேச்சு பாதி இந்தி, பாதி கைஜாடை. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

இன்னொரு விஷயம். 2024 ஏப்ரல் 25 முதல் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். 2025-இல் அப்படி 54 நாட்கள் வைத்தார்கள், முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. வெனிஸ் மாநகராட்சிக்குள் ராத்தங்குகிறவர்களுக்கு அது கிடையாது. மெஸ்த்ரேயும் அதே மாநகராட்சிதான்! ஆனாலும் இணையத்தில் பதிந்து விலக்குச் சீட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். வாடகை இன்னும் மலிவு என்று பக்கத்து ஊரான படோவாவில் தங்கிவிட்டு வருகிற வெளிநாட்டுப் பயணி அந்த நாட்களில் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும். நமக்கு விலக்கு இருப்பதற்குக் காரணம், ஓட்டலில் தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தங்கல் வரி தனியாக வாங்கிவிடுகிறார்கள். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்கு அந்த வரி இல்லை.

சூரிச் தங்கச்சி

நாங்கள் சூரிச்சில் இருந்து ரயிலில் போனோம், அம்மாவும் அப்பாவும் கூட. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், படி என்றாலே பயம். அதனால் நான் வீடு பார்க்க முதலே ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் ஒரே கேள்வியை எழுதி அனுப்பினேன்: எத்தனை படி?

நிறையப் பேர் மழுப்பினார்கள். ‘நிலையத்துக்குக் கிட்ட’, ‘கொஞ்சம் ஏற வேணும்’ என்ற மாதிரி. ஒரு வயதான அம்மா மட்டும் முறையாகப் பதில் போட்டார். தன் வீடு மூன்றாம் மாடி, பழைய கட்டடம், லிஃப்ட் வைக்க அனுமதி கிடைக்காது, உங்கள் அம்மாவுக்குச் சரிவராது என்று எழுதிவிட்டு, நிலையத்தால் வெளிக்கிட்டு இடப்பக்கம் லிஸ்தா தி ஸ்பான்யா தெருவில் தேடுங்கோ என்றும் சொன்னார். அந்தத் தெருவில் கூலியே பாலம் வரைக்கும் ஒரு பாலமும் ஏறத் தேவையில்லை. தனக்கு வாற வாடகையை விட்டுவிட்டு வழி சொன்ன மனுசி. அவருடைய வீட்டில் தங்காவிட்டாலும் போய்க் கண்டு கதைத்துவிட்டு வந்தோம்.

அந்தத் தெரு சுற்றுலாக் கடைகளால் நிறைந்த இரைச்சலான தெரு, வடிவென்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா ஒவ்வொரு நாளும் தானாகவே வெளியில் வந்து, படகுத்துறையில் ஏறி, முதலாம் இலக்கப் படகில் பெருங்கால்வாய் முழுக்கப் பார்த்தா. பியாட்சாலே ரோமாவில் இருந்து நிலையத்துக்கு வாற புதுப் பாலத்தில், 2008-இல் திறந்தது, வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். நாங்கள் போனபோது கண்ணாடிப் படிகள், மழைக்கு வழுக்கும்.

கார்த்திகை மழை

சூரிச் அக்கா சொன்ன மூதாட்டியைப் போல எனக்கும் ஒருவர் கிடைத்தார். நான் போனது நவம்பரில், வாடகை தரையில் கிடக்கும் மாதம். அறை அந்த ஆறு பகுதிகளில் ஒன்றான காஸ்தெல்லோவில். இரவு, பனிமூட்டம், கைபேசி காட்டும் வழி ஒரு சந்துக்குள் போய்த் தண்ணீரில் முடிகிறது. அங்கே கதவு எண் தெருவுக்குத் தெரு ஒன்றிலிருந்து தொடங்காது. ஒரு பகுதி முழுவதற்கும் தொடர்ச்சியாக ஓடும், காஸ்தெல்லோவில் அது ஆறாயிரத்தைத் தாண்டுகிறது. 3400-க்குப் பக்கத்துச் சந்தில் 3600 இருக்கும். சந்துப் பெயரை வைத்துத் தேடலாம் என்றால் ‘அடுப்புச் சந்து’ என்று ஊரில் பல இடங்களில் இருக்கிறது.

நாயோடு வந்த ஒரு பெரியவரிடம் காகிதத்தைக் காட்டினேன். எண்ணைப் படித்தார், ஏதோ முணுமுணுத்தார், நாயை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தார். வாசல் வரை கொண்டுவந்து விட்டு, மணியையும் அவரே அடித்துவிட்டுப் போனார். நன்றி சொல்வதற்குள் பனியில் மறைந்துவிட்டார். வீட்டுக்காரரிடம் எண் மட்டும் வாங்காதீர்கள். பக்கத்துத் தேவாலயம் எது, எந்தப் படகுத்துறை என்று கேளுங்கள்.

மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்று: தரைத்தள அறை மலிவாகக் கிடைத்தால் யோசியுங்கள். 2019 நவம்பர் 12 அன்று கடல் மட்டக் கணக்கில் தண்ணீர் 187 சென்டிமீட்டர் ஏறியது. 1966-க்குப் பிறகு அவ்வளவு உயரம் அப்போதுதான். 2020 அக்டோபரிலிருந்து கடல்வாயில் மோசே தடுப்புகளைத் தூக்குகிறார்கள், மொத்தம் 78 மடைகள், அதனால் ஊர் முன்போல மூழ்குவதில்லை. ஆனாலும் 110 சென்டிமீட்டர் அளவுக்கு வரும் என்று தெரிந்தால்தான் தூக்குவது வழக்கம். அதற்கு முன்பே சான் மார்கோ சதுக்கம் நனைந்துவிடும். தண்ணீர் வராவிட்டாலும் தரைத்தளத்தில் சுவர் ஓதம் காத்துக்கொண்டே இருக்கும். காயப்போட்ட சட்டை மூன்றாம் நாளும் காயவில்லை.

பொலோன்யா மாணவி

காசில்லாத கூட்டத்துக்காக இரண்டு வரி. சாந்தா மார்கரீத்தா மைதானத்தை ஒட்டி அறை எடுத்தால் தூக்கத்தை மறந்துவிடுங்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகள் நடுராத்திரி வரை அங்கேதான். நாங்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தோம், அதனால் புகார் இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதிகள் சில உண்டு. சுத்தம், அமைதி, நியாயமான வாடகை. ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பாவிட்டால் கதவு பூட்டிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் ஐந்து நிமிடம் பிந்தினோம். திறந்த சிஸ்டர் திட்டவில்லை, கடிகாரத்தை மட்டும் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

முதல் தடவை

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. எங்களுக்கு ஓர் இரவுதான். ஆகஸ்ட் கடைசி. மறுநாள் காலை ஏழு மணிக்கு மார்கோ போலோ விமான நிலையத்தில் இருக்க வேண்டும். லிதோ தீவில் கடற்கரை ஓட்டல் பார்த்து வைத்திருக்கிறோம். சரியா?

ஊர்சுற்றி

தம்பி, லிதோ நல்ல இடம்தான். கார், பஸ் ஓடும், பிள்ளைகள் மணலில் விளையாடும். ஆனால் ஆகஸ்ட் கடைசியில் அங்கே திரைப்பட விழா தொடங்கும், வாடகை எகிறும். அதோடு விடிகாலையில் அங்கிருந்து படகு பிடித்து விமான நிலையம் போவது வேண்டாத தலைவலி. தனிப் படகு டாக்சி என்றால் நூறு யூரோவுக்கு மேல்.

உனக்குச் சாந்தா குரோச்சே பகுதிதான் பொருத்தம், பியாட்சாலே ரோமாவுக்குப் பக்கம். அங்கிருந்து விமான நிலையத்துக்கு பஸ் அரை மணி நேரத்துக்குள் போய்விடும். ரியால்ட்டோவுக்கும் நடந்தே போகலாம். இத்தாலியில் இப்போது ஒவ்வொரு வாடகை அறைக்கும் தேசிய அடையாளக் குறியீடு கட்டாயம், விளம்பரத்தில் அது இல்லாத இடத்துக்கு முன்பணம் அனுப்பாதே. சாவியை யார் தருவார்கள், எத்தனை மணி வரை இருப்பார்கள் என்றும் இப்போதே எழுதிக் கேட்டுவிடு. பாஸ்போர்ட்டை வாங்கிப் போலீசுக்கு விவரம் அனுப்புவார்கள். அது எல்லாருக்கும் உள்ளதுதான், பயப்பட ஒன்றுமில்லை.