ரோந்து ஜீப்புல பேட்டரி வருஷம் தாங்கல, டிபிஎஃப் விளக்கு அணையல: எங்கே தப்பு?

எம்டி_வடக்கு:
வடசென்னையில ஒரு போலீஸ் சரகத்து வண்டிகளோட பராமரிப்புப் பொறுப்பு. பெரும்பாலும் பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் ஜீப், மிச்சம் பைக். எண்ணூர் விரைவுச் சாலை, காசிமேடு, மணலி பக்கம் ரோந்து. கண்டெய்னர் லாரி வரிசை பக்கத்துல மணிக்கணக்கா நிக்கிற டியூட்டிதான் அதிகம். சர்வீஸ் எல்லாம் கம்பெனி சொன்ன 10,000 கி.மீ. கணக்குப்படியே நடக்குது. ஆனாலும் புது பேட்டரி எட்டு, ஒன்பது மாசத்துல படுத்துடுது. டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) விளக்கு வாரம் தவறாம எரியுது. ரெண்டு வண்டியில டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) ஆயில் குறையறதுக்குப் பதிலா ஏறியிருக்கு. அடிப்பகுதி துருவைப் பத்தி தனியா கேட்கணும். பேட்டரி பிராண்டை மாத்தினா சரியாகுமா? வேற எங்கே பார்க்கணும்?

மல்டிமீட்டர்:
பிராண்டை மாத்தறதுக்கு முன்னாடி ஒரு கூட்டல் கணக்கு போடுங்க சார். எல்இடி லைட் பார் சுமார் 8 ஆம்பியர். வயர்லெஸ் செட் சும்மா கேட்டுட்டிருந்தா ஒண்ணு, பேசும்போது 6-7 வரைக்கும் போகும். ஜிபிஎஸ், டேஷ் கேமரா, ரெண்டு செல் சார்ஜர் சேர்த்தா இன்னொரு 2. ஆக 11 ஆம்பியர். இன்ஜினை அணைச்சுட்டு இதையெல்லாம் ஓட விட்டு நாலு மணி நேரம் நின்னா 44 ஆம்பியர்-அவர் போச்சு. உங்க பேட்டரியே 65தான். சாதா ஸ்டார்ட்டிங் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கவே கூடாது. நீங்க தினமும் இறக்குறீங்க.

"இன்ஜின் ஓடிட்டுத்தானே இருக்கு"ன்னு டிரைவர் சொல்வார். 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுத்தற ஜெனரேட்டர்) ஐட்லிங்ல, அதாவது வண்டி நின்னபடி இன்ஜின் ஓடறப்போ, அதுல பாதிகூட தராது. ஏசி புளோயர், கண்டென்சர் ஃபேன், ஹெட்லைட், லைட் பார் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்தா அந்தப் பாதியைத் தாண்டிடும். மீதியைக் கொடுக்கறது பேட்டரிதான்.

செய்ய வேண்டியது: லைட் பாரையும் வயர்லெஸ்ஸையும் லோ வோல்டேஜ் கட்-ஆஃப் ரிலே (வோல்ட் இறங்கினா தானா துண்டிக்கிற ஸ்விட்ச்) வழியா எடுங்க. லைட் பார் 12.2 வோல்ட்ல கட் ஆகட்டும், வயர்லெஸ் 11.8 வரைக்கும் இருக்கட்டும். கடைசி வரைக்கும் உயிரோட இருக்க வேண்டியது வயர்லெஸ் செட்டுதான். அதோட பாசிட்டிவ் பேட்டரியிலிருந்து நேரா வரணும், ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துலயே இருக்கணும். சிகரெட் லைட்டர் சாக்கெட்ல முறுக்கி எடுத்த வேலை எல்லாத்தையும் பிடுங்கிப் போடுங்க.

ராத்திரி சும்மா நிக்கிற வண்டி காலையில ஸ்டார்ட் ஆகலன்னா கரன்ட் கசிவு பாருங்க. நெகட்டிவைக் கழட்டி, அந்த ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டரை சீரீஸ்ல வைங்க. கதவைப் பூட்டி அரை மணி விடணும், ஈசியூ (வண்டியோட கம்ப்யூட்டர்) எல்லாம் தூங்கினப்புறம்தான் அளவு உண்மை. 50 மில்லி ஆம்பியருக்கு மேல இருந்தா ஃபியூஸை ஒவ்வொண்ணாப் பிடுங்குங்க. எதைப் பிடுங்கினா இறங்குதோ அந்த லைன்தான் திருடன்.

கடல் காத்து ஒயரை அரிக்குமே, அதுக்கும் ஒரு சோதனை. இன்ஜின் ஓட, எல்லா லோடும் போட்டு, ஆல்டர்னேட்டர் பி-பிளஸ் போல்ட்டுக்கும் (கரன்ட் வெளியே வர்ற இடம்) பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவுல வோல்ட் பாருங்க. 0.3-க்குள்ள இருக்கணும். இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல 0.2-க்குள்ள.

டீசல்கட்டை:
பேட்டரியை மேல உள்ளவர் முடிச்சுட்டார். டிபிஎஃப்பும் ஆயில் ஏறினதும் ரெண்டு நோய் இல்ல, ஒரே நோய்.

ஃபில்டர்ல கரி சேர்ந்ததும் அதை எரிக்க ஈசியூ கூடுதலா டீசல் பீச்சும். எரிஞ்சு முடிக்க வண்டி 60 கி.மீ. வேகத்துல 15-20 நிமிஷம் ஓடணும். தண்டையார்பேட்டைலயும் திருவொத்தியூர்லயும் அது எங்கே நடக்கப்போகுது? பாதியில டிரைவர் இன்ஜினை அணைப்பார். அடுத்த ஸ்டார்ட்ல மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிக்கும். ஒவ்வொரு தடவையும் எரியாத டீசல் ரிங் வழியா ஆயிலுக்குள்ள இறங்கும். அதனாலதான் டிப்ஸ்டிக்ல ஏறுது. மேக்ஸ் கோட்டைத் தாண்டினா "ஆயில் நிறைய இருக்கு, நல்லது"ன்னு விட்டுடாதீங்க. மெல்லிசான ஆயில்ல டர்போ பேரிங்தான் முதல்ல போகும். இன்ஜின் அந்த ஆயிலையே குடிச்சு, அணைச்சாலும் அடங்காம ஓடற ஆபத்தும் உண்டு. அந்த ரெண்டு வண்டியிலயும் இன்னிக்கே ஆயில், ஃபில்டர் மாத்துங்க.

எந்த ஆயில் ஊத்துறாங்கன்னு கேனைக் கேட்டு வாங்கிப் பாருங்க. டிபிஎஃப் இருக்கிற இன்ஜினுக்கு சாம்பல் குறைவான ஆயில், அதாவது ஏசிஇஏ சி3 மாதிரி, மேனுவல்ல போட்டிருக்கிற ரகம்தான். பழைய ஜீப்புக்கு வாங்கின பேரல்லயே இதுக்கும் ஊத்தினா ஃபில்டர்ல சாம்பல் சேரும். கரி எரியும், சாம்பல் எரியாது. அப்புறம் எவ்வளவு ஓட்டினாலும் விளக்கு அணையாது.

வாரம் ஒரு நாள் ஒவ்வொரு வண்டியையும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில மீஞ்சூர் பக்கமா ஏத்தி, கீழ் கியர்ல 2,000 ஆர்பிஎம்முக்கு மேல வெச்சு அரை மணி ஓட்டச் சொல்லுங்க. இதை டியூட்டி ரோஸ்டர்லயே எழுதணும், வாய்வார்த்தையா சொன்னா நடக்காது. கரி எரிஞ்சுட்டிருக்குன்னு டிரைவருக்குச் சொல்லித்தர வேண்டிய அடையாளம்: ஐட்லிங் கொஞ்சம் ஏறியிருக்கும், ஃபேன் விடாம ஓடும், சூடான வாசனை வரும். அப்போ அணைக்கக் கூடாது. சைலன்சர் 600 டிகிரி வரைக்கும் போகும், காய்ஞ்ச புல்லு மேலயும் குப்பை மேலயும் நிறுத்தவும் கூடாது. ஸ்கேனர் வெச்சு ஒர்க்‌ஷாப்புல எரிக்கறது கடைசி வழி. டிபிஎஃப்பைக் குடைஞ்சு எடுத்துத் தர்றேன்னு யாராவது வந்தா வாசலோட அனுப்பிடுங்க.

லாக்புக்:
ரெண்டு பேர் சொன்னதும் சரி. ஆனா ஆணிவேர் உங்க கேள்வியிலேயே இருக்கு: "10,000 கி.மீ. கணக்கு". ரோந்து வண்டி ஓடித் தேயறதைவிட நின்னுதான் தேயுது, அது ஓடோமீட்டர்ல ஏறாது. ஃபோர்டு தன்னோட அமெரிக்க போலீஸ் வண்டிகளுக்கு ஒரு மணி நேர ஐட்லிங்கை 33 மைலுக்குச் சமம்னு வெச்சிருந்தது, ஏறக்குறைய 53 கி.மீ. நம்ம டீசலுக்கு அதை வேதவாக்கா எடுக்க வேண்டாம், ஆனா திசை புரியும். மாசம் 1,800 கி.மீ. ஓடற வண்டி தினம் மூணு மணி நேரம் நின்னு ஓடினா, 90 மணி, 50-ஆல பெருக்கினா 4,500. மொத்தம் 6,300. உங்க 10,000 ஒண்ணரை மாசத்துல முடிஞ்சுபோகும். நீங்க மாத்தறது அஞ்சரை மாசத்துக்கு ஒரு தடவை.

ஒண்ணரை மாசத்துக்கு ஒரு ஆயிலுக்கு பட்ஜெட்ல இடமிருக்காது. அதனால ஐட்லிங்கைக் குறைங்க. ஒவ்வொரு வண்டியிலயும் ஒரு ஹவர் மீட்டர். இக்னிஷன்ல கொடுக்காதீங்க, சாவி போட்டு வெச்சாலே ஓடும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியா கொடுத்தா இன்ஜின் ஓடினாத்தான் எண்ணும். லாக் புக்ல கி.மீ. பக்கத்துல மணி நேரத்துக்கு ஒரு பத்தி கோடு போடுங்க.

இன்னொண்ணு, 15 வருஷம் தாண்டின அரசு வண்டிக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவு புதுப்பிப்பு கிடையாது. கவச வண்டி மாதிரி சிறப்பு வாகனங்களுக்கு விலக்கு உண்டு, சாதா ஜீப்புக்கு அதை நம்ப வேண்டாம். ஆறு மாசத்துல கழிவுக்குப் போற வண்டிக்கு நாலு புது டயர் இண்டென்ட் போடறதுக்கு முன்னாடி ஆர்சியைப் பாருங்க.

எம்டி_வடக்கு:
நன்றி. துருவையும் கேட்டுடறேன். வாரம் ரெண்டு தடவை போர் தண்ணியில அடிப்பகுதி கழுவுறோம். அப்படியும் பிரேக் பைப், காலிபர் பின் எல்லாம் துரு.

டீசல்கட்டை:
கழுவுறதுதான் துருவே. மீஞ்சூர், மணலி பக்கம் நிலத்தடி நீர்ல கடல் ஏறி வருஷக்கணக்காச்சு. டிடிஎஸ் மீட்டரை (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிறது) முக்கிப் பாருங்க, ஆயிரத்தைத் தாண்டினா அந்தத் தண்ணி வண்டிக்குக் கீழே போகக் கூடாது. மெட்ரோ தண்ணி கொஞ்சம்தான் கிடைக்கும்னா மேல பளபளன்னு கழுவுறதை விட்டுட்டு அடிப்பகுதிக்கு மட்டும் அடிங்க. கதவு அடி ஓட்டைகளைக் கம்பி விட்டுக் குத்துங்க. காலிபர் பின்னை மழைக்கு முன்னாடி ஒரு தடவை கழட்டி சிலிக்கான் கிரீஸ் போடுங்க, சாதா கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும். சுரங்கப்பாதைத் தண்ணியில அச்சு முங்கின வண்டின்னா டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பாருங்க. மோர் மாதிரி இருந்தா மாத்தணும், பிரீதரையும் (அச்சோட காத்துக் குழாய்) சேர்த்து.

எம்டி_வடக்கு:
ஒரு வண்டியில பி-பிளஸ் சோதனை போட்டோம். 0.7 காட்டுது. ஆல்டர்னேட்டர்ல 14.2, பேட்டரியில 13.5.

மல்டிமீட்டர்:
ஆல்டர்னேட்டரைத் தொடாதீங்க, அது நல்லாத்தான் இருக்கு. பி-பிளஸ்லேர்ந்து பேட்டரிக்குப் போற ஒயர்ல லக் (முனையில போல்ட்ல மாட்டற வளையம்) சேர்ற இடத்துல உறையைக் கொஞ்சம் கீறிப் பாருங்க, உள்ளே பச்சைப் பொடி இருக்கும். லக்கை மட்டும் மாத்தாதீங்க, ஒயருக்குள்ளயே உப்பு ஏறியிருக்கும். முழு ஒயரையும் மாத்தி, கிரிம்ப் பண்ணி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு மறுபடி அளந்து சொல்லுங்க.